அசனத்தன்று இறங்காத கை

மக்களே, நாலு குரலில் பாடும் பாட்டுக்கு மூன்று விதமான ஆட்கள் வேண்டும். எழுதுகிற ஆள், பாடுகிற ஆட்கள், முன்னால் நின்று கை அசைக்கிற ஆள். இதில் யார் பெரியவர் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நீங்கள் ஒருநாள் சண்டை போட்டீர்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எங்கள் சபை கொயரில் கடைசி வரிசையில் நின்று அடிக்குரல் பாடுகிறவன். அந்த வரிசையிலிருந்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் கொயரில் ஒரு அண்ணன் இருந்தார். குவைத்தில் எலக்ட்ரீசியனாக இருந்து திரும்பி வந்தவர். அங்கே கேம்ப் அறையில் படுத்துக்கொண்டு நாலு குரலையும் தலைக்குள்ளேயே ஓட விட்டுப் பாட்டுக் கட்டுவாராம். ஊருக்கு வந்தபிறகும் கட்டினார். ஒன்றையும் யாரும் பாடவில்லை. சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்குப் புதுப்பாட்டு வேண்டும் என்று போதகர் கேட்டபோதுதான் அவருடைய ஒரு பாட்டு எங்கள் கைக்கு வந்தது.

அந்தப் பாட்டு இரண்டு பாதி. முதல் பாதி எல்லாரும் சேர்ந்து பாடுவது. பிறகு நாலு எண்ணிக்கை மௌனம். அதற்குப் பிறகு ஒரே ஒரு பெண்குரல், தாழ்ந்த சுருதியில், தனியாகத் தொடங்கும். அந்தக் குரல் அண்ணனின் மனைவியுடையது. அந்த அக்காவுக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆனபிறகு மேல் சுருதி போய்விட்டது, பேச்சிலும் கரகரப்பு. மிச்சம் இருந்த ஐந்தாறு சுரத்துக்குள் நிற்கிற மாதிரிதான் அண்ணன் அந்த இடத்தைக் கட்டியிருந்தார்.

கொயர் மாஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. அவர் நாகர்கோவிலில் படித்தவர். சாயம் போட்ட முடி, இஸ்திரி கலையாத சட்டை. பாட்டுப் பழகும்போது எல்லார் முன்னாலும் சொன்னார்:

"தேங்கா துருவுத சத்தம் சமையல்கட்டுல கேட்டா போதும் வே. ஆல்டர் பக்கத்துல வேண்டாம்."

முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அண்ணன் சொன்னார்: "மாஸ்டர், அவளுக்காகத்தான் எழுதுனேன். அவ பாடலேன்னா பாட்டு வேண்டாம்."

"அப்போ அந்த மௌனத்தையாவது எடும். நம்ம சனத்த உமக்குத் தெரியாதா? கொயர் மூச்சு வாங்கினாலே ஆமென் சொல்லிப்போடுவாவ."

அது உண்மைதான். எங்கள் சபையில் பாட்டு நின்றால் ஆமென், ஆமென் வந்தால் போதகர் எழுந்துவிடுவார். பழக்கம் அப்படி.

"நாலுக்குள்ள சொல்லமாட்டாவ மாஸ்டர். நான் பெஞ்சுல இருந்து பலநாள் எண்ணிப் பாத்திருக்கேன். நீங்க நாலுல கைய இறக்கிட்டா அவ தொடங்கிருவா."

மாஸ்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு, "சரி, உம்ம இஷ்டம்" என்றார். அக்காவைத் தனியாகவும் பாட வைத்தார். "நல்லா வருது, நல்லா வருது" என்றுகூடச் சொன்னார். அண்ணன் என்னிடம், "லேய், மனுசன் மாறிட்டாரு பாத்தியா" என்று சந்தோசப்பட்டார்.

அசனத்தன்று கோவில் நிறைந்து வாசல்வரை ஆள். பின்பக்கப் பந்தலில் சாம்பார் கொதிக்கிற வாசம் உள்ளே வந்துகொண்டிருந்தது. அக்கா கொட்டாரம் கடையில் எடுத்த நீலச்சேலை கட்டியிருந்தாள். முதல் பாதி முடிந்தது. மாஸ்டரின் கை மேலே நின்றது. நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

கை இறங்கவில்லை.

ஐந்து. ஆறு. மாஸ்டர் எங்களைப் பார்க்கவில்லை, சனம் இருக்கிற பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். பின்பெஞ்சில் ஒரு கிழவர் "ஆமென்" என்றார். கோவில் முழுக்க "ஆமென்" என்றது. போதகர் எழுந்து மைக்குக்கு வந்தார். அப்போதுதான் மாஸ்டர் கையை இறக்கினார். எங்களை உட்காரச் சொல்லித்தான் இறக்கினார்.

நாங்கள் இருபதுபேர் நின்றோம். கை காட்டாமல் வாய் திறக்கக்கூடாது என்பது கொயரில் சேர்ந்த அன்றைக்கே சொல்லித்தருகிற சட்டம். அக்கா திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவர் தலையை அசைத்தார். அவள் தொடங்கினாள். ஒரு வரிகூட முடியவில்லை. போதகர் மைக்கில், "அன்பானவர்களே, சிறுபிள்ளைகளுக்கு முதல் பந்தி" என்று அறிவித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் அவளைப் பார்த்து, தொட்டில் பிள்ளையிடம் செய்வதுபோல, உதட்டில் விரல் வைத்தார். முகத்தில் சிரிப்பு. அக்கா நிறுத்தினாள். எல்லாரும் உட்கார்ந்த பிறகும் அவள் கொஞ்சநேரம் நின்றுகொண்டிருந்தாள்.

பந்தியில் ஆளாளுக்கு வந்து அண்ணனைப் பாராட்டினார்கள். "சுருக்கமா முடிச்சீரு வே, பசிநேரத்துல அதான் நல்லது" என்றார் சபை செக்ரட்டரி. அண்ணன் இலையிலிருந்து எழுந்து மாஸ்டரிடம் போனார். நான் பக்கத்து இலையில் இருந்தேன்.

"மாஸ்டர், நாலுன்னுதான சொன்னேன்."

"நாலுதான் எண்ணினேன். மெதுவா எண்ணினேன்."

"பாட்டு முடியலியே மாஸ்டர்."

"எழுதுதது உம்ம வேல. பாடுதது அவங்க வேல. எங்க தொடங்கணும், எங்க முடியணும்னு சொல்லதுக்குத்தான் என்னய நிறுத்தியிருக்கு. சனமே ஆமென் சொல்லியாச்சு. அதுக்கப்புறம் என்ன இருக்கு? இரியும், ரசம் வருது."

"அடுத்த ஞாயிறு முழுசா ஒருதடவ..."

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். "கெஞ்சிக்கிட்டு நிக்காதீங்க. கையக் கழுவிட்டு வாங்க" என்றாள். அண்ணன் கை கழுவப் போனார். சோறு அப்படியே கிடந்தது.

அந்த முதல் பாதி நன்றாக இருந்ததுதான் கேடாகப் போயிற்று. மாஸ்டர் அதைப் பக்கத்துச் சபைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். அஞ்சுகிராமம் பக்கம் கல்யாணங்களில்கூடப் பாடுகிறார்கள். நீங்கள் ஞாயிறு பள்ளியில் படிக்கிற பாட்டும் அதுதான் மக்களே. மௌனம் வரை பாடி, முடிந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடுகிறீர்கள்.

அக்கா இப்போது கொயரில் இல்லை. பெண்கள் பக்கம் நடுப்பெஞ்சில் இருக்கிறாள். அந்தப் பாட்டு வரும் ஞாயிறுகளில் நான் கடைசி வரிசையிலிருந்து அவளைப் பார்ப்பேன். பாட்டு நிற்கும். நாலு எண்ணிக்கை போகும். சனம் ஆமென் சொல்லும்போது அவளும் சொல்கிறாள். அண்ணன் மட்டும் சொல்வதில்லை.