ராமையாவுக்கு இங்கிலீஷ் தெரியாது

ராமையா துபாய்க்கு வந்தது சுவருக்குப் பூச்சு பூசுகிற வேலைக்கு. சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். இரண்டு வருடம் சைட்டில் வெந்த பிறகு, எங்கள் ஹோட்டலில் தட்டு எடுக்கிற வேலைக்கு மாறி வந்தான். நான் அங்கே கக்கூஸ் கழுவிக்கொண்டிருந்தேன். பாரில் ஊற்றுவது வெளியே வந்தால் அள்ளுவதும் நான்தான்.

என்னை ஆத்தா என்று கூப்பிடுவான். ஒரு சொட்டுக்கூடக் குடிக்க மாட்டான். என் புருஷன் சாராயத்தில் செத்தவன். அதனால் குடிக்காத ஆம்பிளையைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் மரியாதை வரும். வேறு எதற்காகவும் வந்ததில்லை.

ஐந்தாம் வகுப்பு படித்தவன் பார் கவுண்டருக்குள் போனது காதை வைத்துத்தான். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட உட்காரும் வெள்ளைக்காரர்கள் நாலு மணி வரை குடிப்பார்கள். பாதி இங்கிலீஷ்காரர்கள், பாதி ஜெர்மன்காரர்கள். ஆள் எல்லை தாண்டிவிட்டால் ஊற்றக்கூடாது, டாக்சி பிடித்து ஏற்றிவிட வேண்டும் என்பது ஹோட்டல் சட்டம். எல்லை எது என்பதில்தான் எல்லோரும் திணறுவார்கள். முகத்தைப் பார்த்தால் முதல் கிளாஸிலேயே சிவந்து கிடக்கும். ராமையா முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் என்ன சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள் என்று கேட்டான். 'டிப்ஸி' என்றால் இன்னும் இரண்டு ஊற்றலாம். 'மெரி' என்றாலும் பயமில்லை. 'லெக்லெஸ்' என்றால் காலே இல்லை, டாக்சி. ஜெர்மன்காரன் 'பெஷ்விப்ஸ்ட்' என்றால் லேசாக ஏறியிருக்கிறது. 'பிளாவ்' என்றால் நீல நிறமாம். நீலமாகிவிட்டால் நிறுத்திவிட வேண்டும். மறுநாள் தலைவலிக்கு ஆண் பூனை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஸ்டாஃப் பஸ்ஸில் அல் குசைஸில் இருக்கும் எங்கள் குடியிருப்புக்குப் போகிற வழியெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டு வருவான்.

"பிளாஸ்டர்டுன்னா என்ன தெரியுமா ஆத்தா? முட்டக் குடிச்சவனுக்கு இவனுக வச்ச பேரு. பூச்சு பூசினதுன்னு அர்த்தம். நான் ரெண்டு வருஷம் பாத்த வேலைய இவனுக மூணு மணி நேரத்துல முடிச்சுர்றானுக."

"எத்தன பேரு வச்சா என்ன, எனக்கு ஒரே பக்கெட்டுதான்" என்றேன்.

குடிக்கு இத்தனை செல்லப் பெயரா என்று எனக்கு வயிறு எரியும். மப்பு, மட்டை என்று எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் அதெல்லாம் குடித்தவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வது. பெண்டாட்டி வாசலுக்கு வந்து சேர்வது குடிகாரன் என்ற ஒரே பெயர்தான்.

மேனேஜருக்கு ராமையா மேல் பிரியம். 2006-இல் அவனைக் கவுண்டருக்குள் நிறுத்தினார். இந்த மண்ணில் அவன் தானாக எட்டிப் பிடித்தது அந்த இடம் ஒன்றுதான். அதை விட்டுவிடக் கூடாது என்று லீவுக்குக்கூட ஊருக்குப் போகவில்லை.

அடுத்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, வாடிக்கையாக வரும் ஜெர்மன்காரர் ஒருவரை அவருடைய கூட்டாளியே 'பிளாவ்' என்று சொல்லிச் சிரித்தார். ராமையா பாட்டிலை வைத்துவிட்டு, டாக்சி சொல்லட்டுமா என்று பணிவாகக் கேட்டான். நாங்கள் பேசுவதை ஒட்டுக் கேட்கிறாயா என்று அந்த ஆள் குதித்தார். மேனேஜர் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். ராமையாவையும் கேட்க வைத்தார். அவன் கையாலேயே இன்னும் இரண்டு ஊற்றவும் வைத்தார். நான் துடைப்பத்தோடு நின்று பார்த்தேன்.

அந்த மனுஷர் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய், ரோட்டோரம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு பெங்காலிக்காரரின் இடுப்பை உடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை போலீஸ்காரர்கள் விசாரிக்க வருகிறார்கள் என்றார்கள். நிதானம் போனவருக்கு ஊற்றினீர்களா என்று கேட்பார்களாம். ஆமாம் என்றால் பாரை மூடவேண்டியதுதான். மேனேஜர் ராமையாவைக் கூப்பிட்டு, எனக்கு இங்கிலீஷும் தெரியாது, ஜெர்மனும் தெரியாது, அவர்கள் பேசியது எதுவும் புரியவில்லை என்று எழுதிய பேப்பரில் கையெழுத்துக் கேட்டார். ராமையா நேரே என்னிடம் வந்தான்.

"தெரியும்னு சொல்லிரவா ஆத்தா? அந்தாளு இனிமே நடக்குறதே கஷ்டங்குறாக."

"நீ சொன்னா அவன் இடுப்பு ஒட்டிக்கிருமா? தெரியாதுன்னே சொல்லுடா. ஒண்ணும் தெரியாதவள எவனும் ஒண்ணும் பண்ண மாட்டான். நான் பொழைக்கல?"

கையெழுத்துப் போட்டான். ஹோட்டல் தப்பித்தது.

பத்து நாள் கழித்து ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். பேப்பர் வேலை பார்க்கும் கீழக்கரைக்காரர் முகம்மது யூசுப் தலையைத் தூக்காமல் சொன்னார்.

"தம்பி, இங்கிலீஷ் தெரியாதுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அது ஃபைல்ல இருக்கு. இனி உங்கள பார்ல நிறுத்துனா, நாளைக்கு எவனாச்சும் கேப்பான்ல? கீழ பாத்திரம் கழுவுற எடத்துக்குப் போயிருங்க. கலாஸ், முடிஞ்சுது."

ஒன்றரை வருடம் பேஸ்மெண்டில் பாத்திரம் கழுவினான். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டான். மேனேஜர் அதே நாற்காலியில்தான் இருந்தார். 2009-இல் ஆள் குறைத்தபோது முதல் பட்டியலிலேயே ராமையா பெயர் இருந்தது.

அவன் கிளம்புகிற அன்று ரூமுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. வாயில் வந்தது இதுதான்:

"நான் படிக்காத முண்ட, என்னமோ சொன்னேன். நீ ஏண்டா அதக் கேட்ட?"

ராமையா பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"இங்க வேற யாருட்ட ஆத்தா கேப்பேன்" என்றான். கயிற்றின் முனையை என் பக்கம் நீட்டினான். இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவன் முடிச்சுப் போட்டான்.