அப்பா என்று எழுதாத சமன்பாடு

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் அன்று சூலூர் பஸ்ஸை விட்டு அழுதுகொண்டே இறங்கினாள். தேர்வில், ‘தந்தையின் வயது, மகளின் வயதைப் போல் மூன்று மடங்கைவிட நான்கு அதிகம். இதைச் சமன்பாடாக எழுதுக’ என்று ஒரு கேள்வி. மகளின் வயதை x என்று வைத்து, ‘அம்மாவின் வயது = 3x + 4’ என்று எழுதியிருந்தாள். கணக்கு ஆசிரியர் அதை அடித்துவிட்டு, “அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வித்தியாசம் தெரியாத புள்ள” என்று வகுப்பே சிரிக்கும்படி சொல்லியிருக்கிறார்.

அவளுடைய அப்பா இறந்த துக்கமே எங்கள் வீட்டில் இன்னும் ஆறவில்லை.

“அப்பான்னு எழுதக் கை வரலம்மா” என்றாள்.

மறுநாள் காலையில் பள்ளிக்குப் போய் அந்த ஆசிரியர் முன்னால் நின்றேன்.

“ஏனுங்க சார், அவ போட்ட கணக்கு தப்புங்களா?”

“கணக்கு சரிதானுங்க. கேள்வியை மாத்திப்போட்டாளே.”

“அவ அப்பா இல்லீங்கறது உங்களுக்குத் தெரியாதுங்களா?”

அவர் முகம் மாறியது. தெரியும், மறந்துவிட்டேன் என்றார். மதிப்பெண் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

“மார்க் வேண்டாமுங்க. சிரிச்ச புள்ளைங்க முன்னாடி வந்து சொல்லுங்க.”

அவர் என்னோடு வந்து வகுப்பில் நின்று, அவள் எழுதியது சரி, தான் பேசியதுதான் தப்பு என்றார். மகள் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அதுவரை இருந்தவள் நான். ஏன் மாற்றினாய் என்று அந்தக் குழந்தையிடம் ஒரு வார்த்தை கேட்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?