வெம்பக்கோட்டைப் பழந்துணி

பாக்கியம் அத்தை நம் வீட்டுக்கு வராமல் போனதற்குக் காரணம் நான்தான். உங்கள் அம்மா அல்ல. அம்மாவின் வாயிலிருந்து வந்த சொல் அத்தையை அனுப்பியது உண்மை. அந்தச் சொல் தவறென்று தெரிந்த ஒரே ஆளாக நான் பக்கத்திலேயே நின்றேன்... வாய் திறக்கவில்லை.

செல்வி, போன வாரம் சிவகாசி பஸ் நிலையத்தில் ஓர் அம்மாள் உன் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெம்பக்கோட்டை பஸ்ஸில் ஏறிப் போனார்களே, நினைவிருக்கிறதா? "அவுக யாருப்பா?" என்று கேட்டாய்.

"தெரிஞ்சவுக" என்றேன்.

தெரிந்தவர்கள்! அவள் என் கூடப்பிறந்த அக்கா. உங்கள் அத்தை.

ராசு, நீயும் கேள். நீ அவளைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் இதில் உனக்கும் ஒரு பங்கு உண்டு.

செல்வி, நீ நாள் நிறையும் முன்பே பிறந்துவிட்டவள். விருதுநகர் ஆஸ்பத்திரியில் உன்னை முதலில் பார்த்தபோது, என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைகூட நீ நீளமில்லை. வெங்காயத் தோல் போன்ற மேனி. சப்பிக் குடிக்கவும் தெம்பில்லை. பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரைப் புதிதாக வாங்கிக் கொதிக்கவைத்து, அதில்தான் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டோம்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸம்மா என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்கள்.

"புதுத்துணி வேண்டாம், கேட்டீகளா? சட்டை கிட்டை மாட்டுறேன்னு கையக் கால இழுக்காதீக. துவைச்சுத் துவைச்சு நைஞ்ச பருத்தித் துணியாப் பாத்துச் சுத்தி வைங்க. சூடு போகப்படாது. இந்தப் பிள்ளைக்குச் சூடும் ஒரு சாப்பாடுதான்."

என்னிடம்தான் சொன்னார்கள். என் காதில்தான் விழுந்தது. இதை மறக்காதீர்கள்.

செய்தி கேட்டு அத்தை வெம்பக்கோட்டையிலிருந்து வந்தாள். மாமா காட்டுவேலைக்குக் கட்டிக் கட்டி நைந்த வேட்டிகளை ஒரு மூட்டையாகக் கொண்டுவந்தாள். அவற்றைக் கொதிநீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, கத்தரி வைக்காமல் கையாலேயே கிழித்தாள். கிழிபடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு மெது! அந்தத் துணியில் உன்னைச் சுற்றி, வறுத்த தவிட்டைச் சின்ன முடிச்சாகக் கட்டி உன் அருகே வைப்பாள். அது ஆறும் முன்பே அடுத்த முடிச்சு வந்துவிடும். அத்தைக்குப் பிறந்த பிள்ளைகள் இரண்டும் தங்கவில்லை. உன்னை அவள் தூக்கும்போது அவள் மூச்சுவிடுவதுகூடத் தெரியாது.

நீ தேறி வந்தாய். எனக்கு அது போதவில்லையா?

போதவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் அச்சாபீஸில் பழந்துணிக்கு ஒரே ஒரு வேலைதான். மிஷினில் மை துடைப்பது. அதற்கு 'வேஸ்ட்' என்று பேர். நாளெல்லாம் அதில் கையைத் துடைத்து எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என் பிள்ளை அதே மாதிரித் துணியில் கிடப்பாள். எனக்கு முகம் சுண்டிப்போகும்.

அப்போது காலண்டர் சீசன் வேறு. எங்கள் மிஷினில் ஒரு குழந்தைப் படம் நிறம் நிறமாக ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் மட்டும் ஓடியபோது அது சோகை பிடித்த பிள்ளை மாதிரித் தெரியும். அதன்மேல் சிவப்பு ஓடியதும் கன்னம் உப்பி, உயிர் வந்துவிடும். இளஞ்சிவப்புச் சட்டை, கழுத்தைச் சுற்றி லேஸ். ஆயிரம் ஆயிரமாக அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகும்.

என் கூட்டாளி சண்முகம் கேலிக்காரன். "ஏலே, ஒம் மக எப்பலே காலண்டர்ல வரப்போறா? மொதலாளிட்ட இப்பவே சொல்லி வைக்கவா?" என்பான். ஒருநாள், "ஞாயித்துக்கிழமை நாங்கல்லாம் வாரோம்லே. பிள்ளையக் காட்டு. ஒளிச்சு வச்சுக்கிட்டே இருக்கே" என்றான். அவன் மனதில் கெடுதல் இல்லை. கெடுதல் என் மனதில்தான் இருந்தது.

சனிக்கிழமை பஜாரில் ஒரு பாயின் துணிக்கடைக்குப் போனேன். காலண்டரில் இருந்தது போலவே ஓர் இளஞ்சிவப்புச் சட்டை தொங்கியது. நைலான். அப்போது அது புதுச் சரக்கு.

"பிள்ளைக்கு எத்தன மாசம்?" என்றார் கடைக்காரர்.

"ஆறு" என்றேன். உனக்கு அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

"ஆளு எம்புட்டு இருக்கும்? சும்மா கையக் காட்டுங்க."

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். செல்வி, அது உன் அளவு இல்லை. அந்தப் படத்துப் பிள்ளையின் அளவு. சொந்தப் பிள்ளையின் அளவைக் கையால் காட்டக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது...

"மாஷா அல்லா, நல்ல வளத்தி. கண்ணுபடாமப் பாத்துக்கோங்க" என்று சொல்லி மடித்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை. கார்த்திகைத் தூறல். அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தை உன் துணிகளை அலசக் கிணற்றடிக்குப் போயிருந்தாள். நான் உன்னைப் பிரித்தேன். தவிட்டு முடிச்சைத் தூக்கிச் சன்னலில் வைத்தேன். சட்டைக் கைக்குள் உன் கையை நுழைக்க நுழைக்க, அது குச்சிபோல் மடங்கியது. சட்டை உன்னை மூடி, கீழே இன்னொரு பிள்ளைக்கு இடம் விட்டுத் தொங்கியது. முதுகுப் பக்கம் கொசுவி ஊக்குக் குத்தினேன். பிறகு வெளிச்சத்தில் பார்க்க ஆசைப்பட்டு... சன்னலருகே கொண்டுபோனேன்.

ஈரக்காற்று அடித்தது. நானோ நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிவப்பு உன் கன்னத்துக்கு ஏறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏறவில்லை. உன் உதட்டில் நீலம் ஏறியது.

அப்போதாவது நான் கத்தியிருக்க வேண்டும் அல்லவா? கத்தவில்லை. முதலில் சட்டையைக் கழற்றினேன். அதை என் தூக்குச்சட்டிப் பைக்குள் திணித்தேன். உன்னை மறுபடியும் பழந்துணியில் சுற்றினேன். அதற்குப் பிறகுதான், "அக்கா, ஓடி வா, பிள்ளையப் பாரு" என்று கத்தினேன். நீ மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் உன் அப்பன் செய்த முதல் காரியம், தன் தப்பை மறைத்தது.

விருதுநகர் ரயிலடிக்குக் காலண்டர் லோடு ஏற்றிப்போன லாரியை மறித்து ஏறினோம். அத்தை உன்னைத் தன் மார்போடு சேர்த்து, முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உன்னில் சூடு இருந்ததென்றால் அது அவளுடைய சூடு.

நர்ஸம்மா பார்த்ததுமே கேட்டார்கள். "குளிர் பட்டிருக்கு. யாரு தெறந்து போட்டது?"

"தெறக்கவே இல்லம்மா" என்றாள் உங்கள் அம்மா. "மதினி கொண்டாந்த துணியிலதான் சுத்துனபடியே இருந்துச்சு."

நர்ஸம்மா என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

நீ மறுபடியும் பால் குடிக்கத் தொடங்கிய அன்று, அம்மா அத்தையிடம் அந்தச் சொல்லைச் சொன்னாள். "பெத்த ரெண்டையும் வாரிக் குடுத்த வீட்டுத் துணிய எம் பிள்ளைக்குச் சுத்த விட்டேனே... வேண்டாம் மதினி. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருங்க."

அம்மாவைக் கோபிக்காதீர்கள். பயந்துபோனவள், கையில் அகப்பட்ட காரணத்தைப் பிடித்துக்கொண்டாள். உண்மையான காரணத்தைத்தான் நான் பையில் வைத்திருந்தேனே!

அத்தை மூட்டை கட்ட நம் வீட்டுக்கு வந்தாள். நானும் கூட வந்தேன். சன்னல் பக்கம் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"தவிட்டு முடிச்சு சன்னல்ல கெடக்கு, தம்பி" என்றாள்.

அவ்வளவுதான். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது யோசித்தால், அவள் எனக்கு நேரம் கொடுத்திருக்கிறாள் என்று தெரிகிறது. நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப விருதுநகர் பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் பற்றி ஏதோ பேசினேன். அவள் மூட்டையை இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

அந்தச் சட்டையை என்ன செய்தேன் தெரியுமா? அச்சாபீஸுக்குக் கொண்டுபோய், யாரும் பார்க்காமல் அதால் மிஷினைத் துடைத்தேன். நைலான் மையைக் குடிக்கவில்லை. இழுத்து இழுத்துப் பரப்பியது. அதற்குக்கூட அது ஆகவில்லை.

ராசு, இப்போது உன் பங்கு. நீ நாள் நிறைந்து, கொழுகொழுவென்று பிறந்தாய். நீ பிறந்த செய்தி எப்படியோ வெம்பக்கோட்டைக்குப் போயிருக்கிறது. ஒருநாள் பஸ் கண்டக்டர் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஒங்க அக்கா குடுத்து விட்டாக. ஒண்ணும் சொல்லல" என்றார்.

பிரித்தேன். பழைய வேட்டித் துணி. கொதிநீரில் அலசி, காயவைத்து, கையால் கிழித்து, சதுரம் சதுரமாக அடுக்கியிருந்தது. துரத்திய வீட்டுக்கு அனுப்பியிருந்தாள்.

அம்மா எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. "இத எம் பிள்ளைக்கிட்ட கொண்டு வராதீக. ஒங்க பிரஸ்ஸுல மிஷினு துடைக்க ஆகும்ல? எடுத்துட்டுப் போங்க."

நான் அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இரண்டாவது தடவை அது. 'அந்தத் துணி உன் மகளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை' என்ற ஒரு வரி போதும். பிள்ளை பெற்ற உடம்பு, அவளை அதிர வைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது அப்படி. இத்தனை வருடம் கழித்து, அம்மா திடமாக இருக்கும் இப்போது எப்படி? அவளிடம் சொல்லாமல் பிள்ளைகளான உங்களிடம் முதலில் சொல்கிறேனே, இதுவும் கோழைத்தனம்தானோ? இருக்கலாம்... உங்களிடம் சொன்னதால் நெஞ்சு இலேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

அந்த மூட்டையை அச்சாபீஸுக்கு எடுத்துப் போனேன். அன்று மிஷினில் சிவப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சதுரத்தை எடுத்துத் துடைத்தேன். ஒரே இழுப்பில் மையை எல்லாம் குடித்துக்கொண்டது.

"நல்ல துணிலே இது. எங்க பிடிச்சே?" என்று கேட்டு, சண்முகமும் ஒரு கை அள்ளிக்கொண்டான்.

மாலைக்குள் எல்லாவற்றையும் துடைத்துத் தீர்த்துவிட்டோம். ஒரு துண்டுகூட நான் எடுத்து வைக்கவில்லை.