பதினோரு கடைக்கும் ஒரே வாடிக்கையாளர்

1. முதல் நாள்

ஒன்பதாவதோடு நின்று தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்த என்னை அண்ணன்தான் தன் வெப் டிசைன் கடைக்குக் கூட்டிவந்தான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு ரூம், ரெண்டு கம்ப்யூட்டர். அன்றைக்குக் கடலைமிட்டாய்க் கடை அண்ணாச்சி தன் சைட்டைப் பார்க்க வந்திருந்தார். 'எங்கள் வாடிக்கையாளர் சொல்கிறார்' என்ற இடத்தில் ஒரு வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இவன் எப்பம்டே நம்ம கடைக்கு வந்தான்?"

"டெம்ப்ளேட்ல வாற படம், அண்ணாச்சி."

"வரட்டும். மிட்டாய் வாங்க வந்தானா?"

அண்ணன் போய்ச் சவரம் செய்துவந்து, சுவர் ஓரம் நின்று சிரித்தான். அதைப் போனில் எடுத்ததுதான் என் முதல் வேலை.

2. ஒரே மூஞ்சி

அதன்பிறகு எல்லா சைட்டிலும் அண்ணன்தான் வாடிக்கையாளர். டிராக்டர் ஸ்பேர் கடையில் அவன் பெயர் முருகேசன். தண்ணிக் கேன் கம்பெனியில் டேவிட். பெண்கள் தையல் பள்ளியிலும் அவனே, "இரண்டே மாதத்தில் பிளவுஸ் தைக்கிறேன்" என்று. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"ஏட்டி, ஒவ்வொரு சைட்டுக்கும் படத்தத் தனித்தனியா ஏத்து. ஆல்ட்ட ஒழுங்கா எழுது" என்பான். ஆல்ட் என்றால், படம் வராவிட்டால் அந்தக் கட்டத்தில் தெரிகிற எழுத்து. நான் சோம்பேறி. படத்தை எங்கள் சர்வரில் ஒரு தடவை ஏற்றி, அதே லிங்க்கைப் பதினோரு சைட்டிலும் ஒட்டினேன். ஆல்ட்டில் வாயில் வந்ததை எழுதினேன்.

3. படத்தை எடுத்த நாள்

போன தை மாசம் மஞ்சள்காமாலையில் அண்ணன் போய்விட்டான். பதினாறு முடிந்து கடையைத் திறந்தேன். கடலைமிட்டாய் அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார்.

"தப்பா நெனைக்காத, தாயி. யாவாரம் செய்யுத எடம். செத்தவன் படம் நிக்குன்னு வீட்டுல ஏசுதாவ."

"எடுத்துரணுமா, அண்ணாச்சி?"

"எடுத்துரு. எனக்கும் பாக்க ஏலல."

படம் என் போனிலும் இருக்கிறது. ஆனால் சைட்டில் அவன் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் சைட்டில் ஒரு வரியை நீக்கினால் போதும். நான் சர்வரில் இருந்த ஃபைலையே அழித்துவிட்டேன். பதினோரு சைட்டிலும் ஒரே அடியாகப் போய்விட்டான். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். காலிக் கட்டம். அதில் நான் எழுதிய ஆல்ட்: 'எங்க அண்ணன்'. கீழே, 'இரண்டே மாதத்தில் பிளவுஸ் தைக்கிறேன்.'

மறுநாள் அண்ணாச்சி போன் செய்தார்.

"படம் போயிட்டு, தாயி. எங்க அண்ணன்னு எழுத்து மட்டும் நிக்கி."

"அதையும் எடுத்துருதேன், அண்ணாச்சி."



"அத நான் எடுக்கச் சொல்லலியே."

புதுசாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு: படத்தைத் தனித்தனியாக ஏற்றுங்கள். ஆல்ட்டை வாயில் வந்தபடி எழுதாதீர்கள். மற்ற பத்துக் கடைக்காரர்களும் இன்னும் போன் செய்யவில்லை; அங்கேயும் அந்த எழுத்து அப்படியே நிற்கிறது. காசு கொடுத்து சைட் போட்டவன் எவனும் அதைத் திறந்து பார்ப்பதில்லை என்று அண்ணன் அடிக்கடி சொல்வான். அவன் சொன்னது சரியாகவே இருக்கட்டும்.