கம்பியில் ஒட்டிக்கொண்டது

தொண்ணூறுகளில் ஜார்ஜ்டவுனில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. நோயாளியின் ரத்தத்திலிருந்து கிருமியைத் தட்டில் வளர்த்து, அது எந்த மருந்துக்குச் சாகும் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். வேலையில் படுசுத்தம் என்று பேரெடுத்தவள் நான். அந்தப் பேரில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அப்போது என் அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரம் மூன்று நாள், ஊரின் ஓரத்திலிருந்த ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ்ஸில் வந்து, கழுத்தில் போட்டிருந்த குழாய் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார். திடீரென்று, வரும்போதெல்லாம் குளிர்காய்ச்சல். அவர் ரத்தம் என் மேசைக்கே வந்தது.

தட்டில் ஒரே கிருமி இரண்டு விதமாக முளைத்திருந்தது. வழவழவென்று பெரிய திட்டுகள். நடுநடுவே சுருங்கிப்போன சின்னத் திட்டுகள். சின்னதைத் தொட்டால், கிருமியை எடுக்கிற கம்பியிலேயே ஒட்டிக்கொள்ளும், உப்புநீரில் கரையாது. கட்டிகட்டியாக நின்றால் சோதனை பிசகும் என்று நாங்கள் எல்லோரும் அழகான திட்டைத்தான் எடுப்போம். நானும் எடுத்தேன். புதுத் தட்டில் பரப்பி மேலே வைத்த மருந்து வில்லையைச் சுற்றி ஒரு கிருமிகூட மிஞ்சவில்லை. ‘மருந்து கேட்கும்’ என்று எழுதினேன். சின்னத் திட்டுகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

மறுநாள் அண்ணன் என்னைத் தேடி வந்தார்.

“டாக்டரு கொழாய எடுத்துட்டு வேற எடத்துல போடணும்னு சொல்றாரு. மறுபடியும் குத்து வாங்க என்னால முடியாதுலா. நீ என்னா சொல்ற?”

“மருந்து நல்லா கேக்குதுண்ணே. எடுக்க வேணாம்னு சொல்லுங்க.”

டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். காய்ச்சல் விட்டது, திரும்பியது, மறுபடி விட்டது. மூன்றாம் முறை குழாயைப் பிடுங்கியே விட்டார்கள். புதியது போடுவதற்குள் அந்தக் காய்ச்சலிலேயே அண்ணன் இறந்துபோனார்.

பிடுங்கிய குழாயின் நுனி என்னிடம் வந்தது. வெட்டிப் பார்த்தேன். உள்ளே கொழகொழவென்று பசை. அதிலிருந்து வளர்ந்தவை எல்லாம் அந்தச் சின்னத் திட்டுகள்.

காரணத்தைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். நீந்தி வரும் கிருமி ஓரிடத்தில் ஒட்டியதும் அதனுள் ஒரு பொருள் பெருகுகிறது. அதைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம், நீந்தும் வாலைச் செய்கிற மரபணுக்களை அடக்கி, பசை செய்கிற மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. அந்தச் சின்னத் திட்டுகள் பசை செய்பவை; பசைக்குள் இருப்பதை மருந்து லேசில் கொல்லாது. அங்கிருந்து கிளம்பி ரத்தத்தில் நீந்தியவற்றை மட்டுமே நான் சோதித்திருக்கிறேன். படித்த அன்று வாய்விட்டு அழுதேன்.

அண்ணி இன்றும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்: “நீ சொன்னதுனாலதான் மறுபடி குத்து வாங்காம போனாரு.”

நான் தலையாட்டுவேன்.