அழகம்மா வெளுக்க வைத்த தகடுகள்

அழகம்மாவின் கண்ணைப் பற்றி நுவரெலியா ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்துக்கு வந்துபோகிற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டயகமத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சை வரை படித்துவிட்டு, 1991இல் அந்த ஆய்வுகூடத்தில் கண்ணாடித் தகடு கழுவச் சேர்ந்தாள். தொண்ணூறுகள் முடிவதற்குள், மார்புக் கட்டியிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, தகட்டில் ஒட்டி நிறமேற்றுகிற வேலை முழுவதும் அவள் கைக்கு வந்திருந்தது.

ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பான டொக்டர் பாலச்சந்திரன் யாழ்ப்பாணத்துக்காரர். லேசில் யாரையும் பாராட்ட மாட்டார். அவரே அவளை, பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டியின் முன் உட்காரவைத்து எண்ணப் பழக்கினார். புற்றுநோய்க் கலங்கள், அதாவது செல்கள், நூற்றில் எத்தனை பழுப்பு நிறம் பிடித்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பழுப்பு ஏறியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஹோர்மோன் மாத்திரை வேலை செய்யும். ஏறாவிட்டால் அந்த மாத்திரையால் பயனில்லை. அவருடைய எண்ணிக்கைக்கும் அவளுடையதற்கும் இரண்டு மூன்றுக்கு மேல் வித்தியாசம் வராது. வெளியிலிருந்து யாராவது வந்தால், "இவ எண்ணினா நான் திரும்ப எண்ணத் தேவையில்லை" என்று அவளைக் காட்டுவார்.

2004 தொடக்கத்தில் கமரா பூட்டிய நுணுக்குக்காட்டி ஒன்றும் கொம்பியூட்டரும் வந்தன. அவற்றை இயக்க ஊர்மிளா வந்தாள். இருபத்தாறு வயது, யாழ்ப்பாணத்தில் பட்டம் பெற்றவள். தகட்டைப் படமெடுத்தால் கொம்பியூட்டரே பழுப்புக் கலங்களை எண்ணி நூற்றுக்கு எத்தனை வீதம் என்று சொல்லிவிடும். அழகம்மாவுக்கு அரை மணி பிடிக்கிற வேலை அதற்கு இரண்டு நிமிடம்.

முதல் வாரமே டொக்டரின் நாற்காலி ஊர்மிளாவின் மேசைக்குப் பக்கத்தில் போய்விட்டது. வருகிறவர்களுக்கு இப்போது அவர் திரையைத்தான் காட்டினார். அழகம்மா சீவிய தகட்டின் படம்தான் அதில் தெரிந்தது; அதை யாரும் சொல்லவில்லை. ஊர்மிளா மரியாதையாகவே நடந்தாள். "அக்கா, இன்னும் கொஞ்சம் மெல்லிசா வெட்டித் தருவீங்களோ? மிஷினுக்கு அப்பதான் விளங்கும்" என்று ஒருநாள் கேட்டாள். பதின்மூன்று வருடம் வேலை செய்தவளுக்கு அந்தச் சாதாரண வேண்டுகோளே அவமானமாகப் பட்டது. அன்றிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ச் சாப்பிட்டாள்.

இயந்திரத்தை நம்பலாமா என்று பார்க்க டொக்டர் ஒரு சோதனை வைத்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு தகடு. ஒன்றை அவர் கண்ணால் பார்த்து அறிக்கை எழுதுவார். மற்றதை இயந்திரம் எண்ணும். பிறகு இரண்டையும் ஒப்பிடுவார்கள். அழகம்மா டொக்டரின் தகட்டை முழு நேரம் நிறத்தில் ஊறவைத்தாள். இயந்திரத்தின் தகட்டைப் பாதி நேரத்திலேயே எடுத்துவிட்டாள். பழுப்பு வெளுத்தது; இயந்திரம் குறைத்து எண்ணியது, சில தகட்டில் பூச்சியத்துக்கே போயிற்று. அறிக்கை டொக்டருடைய கண்ணை வைத்துத்தானே போகிறது, யாருக்கும் கெடுதல் இல்லை என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கமராவின் வெளிச்சம்தான் சரியில்லை என்று ஊர்மிளா மூன்று மாதம் போராடினாள். ஒருநாள் கை கழுவுகிற இடத்தில் அவள் அழுதுகொண்டு நிற்பதை அழகம்மா பார்த்தாள். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, கொட்டகலையில் கட்டிக்கொடுத்த தங்கைக்கு முதல் பிள்ளை பிறந்த அன்றைக்கு வந்தது போன்ற சந்தோஷம் வந்தது. அதை அவள் பிற்பாடு அந்தத் தங்கையிடமே சொன்னாள்.

ஜூலையில் டொக்டர் தமக்கையின் மரணத்துக்கு யாழ்ப்பாணம் போனார். அவருக்குப் பதிலாக வந்த டொக்டர் அவசரக்காரர். சோதனையைப் பற்றி ஊர்மிளா எடுத்துச் சொல்லியும், தகடுகளைக் கையில் எடுக்காமல் திரையைப் பார்த்தே அறிக்கைகளில் கையெழுத்துப் போட்டார். அது அழகம்மாவுக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, டயகமத்தில் கொழுந்தெடுக்கிற மீனம்மா அறிக்கையின் பிரதி கேட்டு வந்தாள். தலைத்துண்டுக்குக் கீழே முகம் வற்றியிருந்தது. ஊர்க்காரி என்று கண்டதும் அழகம்மாவிடம் சொன்னாள்: "மத்தவங்களுக்கெல்லாம் மாத்திர எழுதுறாங்க. எனக்கு அது சரிவராதுன்னுட்டாங்க. ஏன்னு கேட்டா, இந்தக் கடுதாசியத்தான் காட்டுறாங்க."

கடுதாசியில் பூச்சியம் என்றிருந்தது.

அழகம்மா மீனம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். யாரும் பார்க்காமல் கிடந்த மற்றத் தகட்டைத் தேடியெடுத்து எண்ணினாள். நூற்றில் அறுபத்தெட்டு. திரும்பவும் எண்ணினாள். அறுபத்தொன்பது. தகட்டைக் கையில் எடுத்தாள். அதைக் கழுவித் தொலைத்துவிடலாம் என்ற எண்ணம் அந்த நேரத்திலும் வந்தது.

ஊர்மிளாவின் மேசையில் தகட்டை வைத்தாள். "இத எண்ணிப் பாருங்க மிஸ்."

இயந்திரம் எழுபது என்றது. ஊர்மிளா பழைய படத்தையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கேட்பதற்கு முன்பே அழகம்மா எல்லாவற்றையும் சொன்னாள்.

ஊர்மிளா கத்தவில்லை. "மூண்டு மாசமா நான் என்னிலதான் பிழையெண்டு நினைச்சனக்கா" என்றாள். பிறகு தொலைபேசியை எடுத்து யாழ்ப்பாணத்திலிருந்த டொக்டர் பாலச்சந்திரனைக் கூப்பிட்டாள்.

அவர் மறுநாளே வந்து, அந்த இரண்டு வாரத்துத் தகடுகள் அத்தனையையும் தானே பார்த்தார். மற்றவற்றில் எண்ணிக்கை குறைந்திருந்தாலும் மாத்திரை எழுதுகிற அளவுக்கு இருந்தது; முடிவே பிழையாகப் போனது மீனம்மாவின் அறிக்கை ஒன்றில்தான். அன்றே அதைத் திருத்தி, கிளினிக்குக்குத் தானே கொண்டுபோனார். அந்த வாரமே அவளுக்கு மாத்திரை கிடைத்தது. அழகம்மாவை அவர் வேலையிலிருந்து நிறுத்தவில்லை, ஏசவுமில்லை. தகடு கழுவுகிற இடத்துக்கே திரும்ப அனுப்பினார். மற்ற எல்லாரிடமும் பேசினார், அவளிடம் பேசவில்லை.

எட்டு மாதம் அவள் தகடு கழுவினாள். அவளுக்குப் பதிலாக வந்தவன் சீவியதெல்லாம் கிழிந்தும் மடிந்தும் வந்தது. கடைசியில் ஊர்மிளாதான் டொக்டரிடம் போய், அழகம்மா அக்காவைப் போல மெல்லிசாக வெட்ட இங்கே ஆளில்லை, அவரையே திரும்ப வெட்டவிடுங்கள் என்று கேட்டாள். அவரும் சம்மதித்தார்.

அழகம்மா தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒரு தகட்டையும் அவள் வெளுக்கவிடவில்லை. ஆனால் தான் அழவைத்த ஊர்மிளாவே கேட்டு வாங்கித் தந்த இடம் அது என்பது மட்டும் அவளுக்கு வெகுகாலம் பொறுக்கவில்லை. ஊர்மிளா மேற்படிப்புக்கு வெளிநாடு போன நாளில் எல்லோரும் கேக் வெட்டினார்கள். அழகம்மா தன் துண்டை வாங்கிக்கொண்டாள். வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை.