மூன்றாவது வரி

வியாழக்கிழமை காலை நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மாவின் கைப்பேசி ஒலித்தது. தறிச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று அம்மா அதை என்னிடம் நீட்டினார். நோயாளிகள் இல்லத்தில் வேலை செய்யும் மல்லிகா அக்கா பேசினார். "எஸ்தர் சிஸ்டர் போய்ட்டாங்கம்மா. உனக்குத்தான் மொதல்ல சொல்றேன். கார்டுல உன் பேரத்தான் எழுதி வெச்சிக்கீறாங்க."

எஸ்தர் சிஸ்டரை இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் ஊசி போட்டவராக, புண்ணுக்குக் கட்டுப் போட்டவராக நினைவில் வைத்திருப்பீர்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மிஷன் நர்ஸாக ஆரணிக்கு வந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. தேவாலயத்துக்குப் பின்னால் ஆறு கட்டில் போட்ட அந்த இல்லத்தில், பார்த்துக்கொள்ள ஆளில்லாத நோயாளிகளோடு வாழ்ந்தார். ஞாயிறு மாலைகளில் அவர்களுக்குச் செய்தித்தாள் வாசிக்க நான் போவேன்.

ஒவ்வொரு கட்டிலிலும் ஓர் அட்டை தொங்கும். முதல் வரியில் பெயர். இரண்டாவதில் நோய். ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது மூன்றாவது வரி. அந்த வரி காலியாக இருக்க சிஸ்டர் விடமாட்டார்.

களம்பூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய கன்னியப்பன் என்பவர், "எனக்கு யாரும் இல்லீங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சிஸ்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவசரமில்ல, யோசிங்க. நான் உக்காந்துகினுதான் இருக்கேன்." நான் செய்தித்தாள் முழுவதையும் வாசித்து முடித்த பிறகு கன்னியப்பன் மெதுவாகச் சொன்னார். "மில்லு வாசல்ல டீ விக்குமே, ராணி. அதுக்கு வேணா சொல்லுங்க."

கன்னியப்பன் இறந்த அன்று சிஸ்டரோடு நானும் களம்பூருக்குப் பஸ் ஏறினேன். ராணி அக்கா டீ ஆற்றிக்கொண்டே கேட்டார். "அந்தாளா? சக்கர கம்மி, சக்கர கம்மின்னு தெனம் பேஜார் பண்ணுவாரே!" பிறகு அவர் கை நின்றது. "எம் பேரயா சொன்னாரு?" அடுப்பை அணைத்துவிட்டு எங்களோடு அடுத்த பஸ்ஸில் வந்தார்.

இந்த மழைக்காலத்தில் ஆறாவது கட்டிலில் சிஸ்டரே படுத்தார். தன் அட்டையைத் தானே எழுதினார். இரண்டு வரிதான் இருந்தது. நான் முக்காலியை இழுத்துப் போட்டு, "யோசிங்க சிஸ்டர், நான் உக்காந்துகினுதான் இருக்கேன்" என்றேன்.

"ஏட்டி, எங்கிட்டயேவா?" என்று சிரித்தார். அவருடைய ஊர்ப் பேச்சு சிரிக்கும்போது மட்டும் வரும். சிரிப்பு அடங்கியதும், "அண்ணன் போனப்பறம் அங்க யாரும் இல்ல" என்றார்.

இருட்டத் தொடங்கியது. வீட்டில் தேடுவார்கள் என்று நான் எழுந்து வந்துவிட்டேன். அடுத்த இரண்டு ஞாயிறும் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று போகவில்லை. அந்த இரண்டு வாரத்தில் எப்போதோ அவர் என் பெயரை எழுதியிருக்கிறார்.

கல்லறைத் தோட்டத்தில் ஆயர், "சொந்தக்காரங்க மொதல்ல வந்து மண்ணு போடுங்க" என்றார். உங்களில் பலர் அங்கே நின்றீர்கள். யாரும் நகரவில்லை. மல்லிகா அக்கா என் முதுகில் கை வைத்தார். பள்ளிச் சீருடையோடு போய் முதல் பிடி மண்ணைப் போட்டேன். எனக்கு அடுத்து ராணி அக்கா வந்தார். நான் யோசித்துச் சொல்லியனுப்பியது அவர் ஒருவருக்குத்தான்.

நேற்று இல்லத்துக்குப் போனேன். அட்டைகளை அப்போதுதான் ஒவ்வொன்றாகப் படித்தேன். மூன்று அட்டைகளின் மூன்றாவது வரியில் சிஸ்டரின் பெயர் இருந்தது. எவ்வளவு யோசித்தும் ஒரு பெயர் கிடைக்காதவர்களுக்கு அவர் தன் பெயரையே எழுதியிருக்கிறார். அந்த வரிகள் இப்போது மறுபடியும் காலி.

அவருடைய நீல மைப் பேனாவை மல்லிகா அக்கா என்னிடம் கொடுத்தார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுவும், யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் ஒவ்வொருவரிடமும் கேட்ட அந்தக் கேள்வியும்தான்.

அந்த மூவரில் ஒருவரான முதல் கட்டில் பெரியவர், "சிஸ்டரே போய்ட்டாங்க, இனிமே யாரு பேர எழுதப் போற?" என்றார்.

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்த முறை இருட்டிய பிறகும் எழுந்திருக்கவில்லை.